இயந்திர வரைவும் மனிதத் திருத்தமும்

ஒரு மொழியில் உள்ள உரையைக் கணினி நிரல் தானாகவே இன்னொரு மொழிக்கு மாற்றுவது இயந்திர மொழிபெயர்ப்பு. அதிலிருந்து கிடைக்கும் வரைவை மூலத்தோடு ஒப்பிட்டு மனிதர் செப்பனிடுவது பின்திருத்தம். சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே நடக்கும் மொழிபெயர்ப்பில் இவ்விரண்டும் இன்று சேர்ந்தே நடக்கின்றன. வணிக ஒப்பந்தம், காப்புரிமை ஆவணம், கருவிகளின் கையேடு, இணையத் தொடர்கதை எனப் பலவற்றுக்கு முதல் வரைவை எழுதுவது இயந்திரம். அதை வெளியிடத்தக்க நிலைக்குக் கொண்டுவருவது மனிதர்.

இயந்திர மொழிபெயர்ப்பு ஆய்வில் இந்த மொழி இணைக்குத் தனி இடம் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளில் சீனமும் ஆங்கிலமும் அடங்கும். ஹாங்காங் அரசும் இவ்விரு மொழிகளில் இயங்குகிறது. அதனால் ஒரே செய்தியை இரு மொழியிலும் சொல்லும் ஆவணங்கள் மலைபோல் குவிந்துள்ளன. ஆனால் சீனம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எழுத்து முறையிலும் இலக்கணத்திலும் இரண்டுக்கும் உறவில்லை. தரவு ஏராளம், தூரமும் ஏராளம். ஒரு மொழிபெயர்ப்பு நுட்பத்தின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்ட இதைவிடப் பொருத்தமான இணை அரிது.

சொல் எங்கே முடிகிறது?

சீன எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. எழுத்துகள் வரிசையாக நிற்கும். எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை வாசிப்பவர்தான் உணர வேண்டும். தமிழில் 'பலகை' என்பதைப் பல கை என்றும் பிரிக்கலாம். புலவர்கள் இதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். தமிழில் இது புலவரின் விளையாட்டு. சீனத்தில் ஒவ்வொரு வரியிலும் இயந்திரம் கடக்க வேண்டிய முதல் படி.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1968-இல் திறக்கப்பட்ட நான்ஜிங் நகரப் பாலத்தின் பெயர். 'நகரம்' என்ற சொல்லையும் சேர்த்து எழுதினால் சீனத்தில் அது ஏழு எழுத்து. நடுவில் நிற்கும் நான்காம் எழுத்துக்கு இரண்டு ஒலிகள்: 'நீண்ட' என்ற பொருளில் சாங், 'தலைவர்' என்ற பொருளில் ஜாங். அந்த எழுத்தை வலப்புறம் சேர்த்தால் 'நான்ஜிங் நகரத்து யாங்சி ஆற்றுப் பெரும்பாலம்' என்று வரும். இடப்புறம் சேர்த்தால் 'நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ்' என்று, இல்லாத ஓர் ஆளைப் பற்றிய பேச்சாகிவிடும்.

வழுக்கும் தரையில் வைக்கும் எச்சரிக்கைப் பலகையில் நான்கு எழுத்துகள் இருக்கும்: சியாவ், சின், தீ, ஹுவா. மூன்றாம் எழுத்துக்குத் தரை என்று பொருள் கொண்டால் 'கவனம், தரை வழுக்கும்'. அதே எழுத்து வினையடை விகுதியாகவும், ஏறத்தாழத் தமிழின் 'ஆக' போல, வரும். அப்படிக் கொண்டால் 'கவனமாக வழுக்குங்கள்'. இந்த இரண்டாம் பொருளை ஆங்கிலத்தில் எழுதிய பலகைகள் சீனாவில் சுற்றுலாப் பயணிகளின் புகைப்படங்களில் புகழ்பெற்றவை. 1950-களில் தொடங்கிய எழுத்து எளிமையாக்கமும் தன் பங்குக்குச் சிக்கலைக் கூட்டியது. 'உலர்ந்த' என்பதற்கும் 'செய்' என்பதற்கும் முன்பு வெவ்வேறாக இருந்த எழுத்துகள் ஒன்றாயின. உலர்பொருள் விற்கும் இடத்துக்குக் கணினி அகராதி தந்த ஆங்கிலப் பெயர் ஆபாசச் சொல்லானது இப்படித்தான். பொது இடங்களில் ஆங்கிலத்தை எப்படி எழுதுவது என்று சீன அரசு 2017-இல் தேசியத் தர வழிகாட்டியே வெளியிட வேண்டியிருந்தது.

தோன்றா எழுவாயும் முன்னே வரும் பெயரெச்சமும்

சீன வினைச்சொல்லுக்கு விகுதி இல்லை. காலம், எண், பால், இடம் எதையும் அது காட்டாது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு 'வந்தாள்' என்றாலும் வந்தது ஒரு பெண், ஒருத்தி, வந்து முடிந்தது என அனைத்தும் விளங்கிவிடும். தோன்றா எழுவாயை வினைவிகுதியே சொல்லிவிடுகிறது. சீனத்திலும் எழுவாய் அடிக்கடி மறையும். ஆனால் அதை மீட்டுத்தர விகுதி கிடையாது. 'லாய் ல' என்ற சீன வாக்கியத்துக்கு நெருக்கமான தமிழ் 'வந்தாயிற்று' என்பதுதான். யார் வந்தார்கள் என்பது சூழலில் மட்டும் உள்ளது. ஆங்கிலமோ எழுவாயும் காலமும் இல்லாமல் இயல்பான வாக்கியத்தை அமைக்க விடாது. ஆகவே மூலத்தில் எழுதப்படாத ஒன்றை இயந்திரம் ஊகித்து நிரப்பியாக வேண்டும். ஒருமையா பன்மையா, குறிப்பிட்ட ஒன்றா ஏதோ ஒன்றா என்பவற்றையும் இப்படியே ஊகிக்க வேண்டும்.

சொல் வரிசையில் சீனம் இரு முகம் காட்டுகிறது. முதன்மை வாக்கியம் ஆங்கிலம் போல: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். பெயருக்கு அடைமொழி சேர்க்கும்போது தமிழ் போல. 'வோ சுவோதியன் மாய் த ஷூ' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று தமிழ் வரிசையிலேயே வந்து நிற்கும். வினையைப் பெயரெச்சம் போலாக்கிப் பெயரோடு இணைப்பது 'த' என்ற இடைச்சொல். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்து, வாங்கிய கதை பின்னால் வரும். அடைமொழி நாலைந்து சொல்லாக இருந்தால் சமாளிக்கலாம். சட்ட ஆவணத்தில் அது மூன்று வரி நீளும். அந்த மூன்று வரியையும் பெயரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கி வைப்பது முதல் தலைமுறை இயந்திரங்களின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருந்தது.

எதிர்த்திசையிலும் தொல்லை குறைவில்லை. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரே சொல். சீனத்தில் தந்தையின் அண்ணன் போஃபு, தந்தையின் தம்பி ஷூஷு, தாயின் உடன்பிறந்தவர் ஜியுஜியு. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வேறுபடுத்திப் பழகிய தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆங்கில நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில்தான் உறவுமுறை வெளிப்படும் என்றால், முதல் அத்தியாயத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம் என்ன எழுதும்?

விதிகளின் காலம்

கணினி மொழிபெயர்ப்புக்கு வித்திட்டது, அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் 1949-இல் எழுதிச் சுற்றுக்கு விட்ட குறிப்பு. 1954 ஜனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் நடத்தின. 250 சொற்களும் ஆறு இலக்கண விதிகளும் கொண்ட நிரல், அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கியது. சில ஆண்டுகளில் முழுத் தீர்வு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது.

அந்த நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே ஐயுற்றவர் யெஹோஷுவா பார்-ஹில்லெல். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இத்துறைக்கென்றே பணியமர்த்தப்பட்ட முதல் ஆய்வாளர் அவர். தரமான மொழிபெயர்ப்பை முற்றிலும் இயந்திரத்திடம் விட இயலாது, மனிதர் கூட்டு வேண்டும் என்பது அவர் வாதம். மூலத்தை முன்கூட்டியே எளிமையாக்கினால் அது முன்திருத்தம், வந்த வரைவைச் சரிசெய்தால் பின்திருத்தம். 1966-இல் ஜான் பியர்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு, இயந்திர மொழிபெயர்ப்பு மனிதர் செய்வதைவிட மெதுவானது, துல்லியம் குறைந்தது, செலவு இருமடங்கு என்று அறிக்கை தந்தது. அமெரிக்காவில் இந்த ஆய்வுக்கான அரசு நிதி ஏறக்குறைய நின்றுபோனது.

சீனம்–ஆங்கிலம் இணையில் அந்த வறண்ட காலத்திலும் ஒரு முயற்சி பயன்பாட்டுக்கு வந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் ஷியூ சாங் லோ உருவாக்கிய 'கல்ட்' என்ற அமைப்பு, 1975 முதல் சீனக் கணித ஆய்விதழான 'ஆக்டா மேத்தமேட்டிகா சினிகா'வை ஆங்கிலத்தில் வெளியிட உதவியது. கணிதக் கட்டுரையில் சொற்கள் குறைவு, வாக்கிய வடிவங்கள் திரும்பத் திரும்ப வருபவை. அப்படியிருந்தும் மூல உரையை மனிதர் முன்திருத்தம் செய்து கொடுத்த பிறகே நிரல் அதைக் கையாண்டது. துறையைச் சுருக்கு, மூலத்தைச் செப்பனிடு என்பதே விதிமுறைக் காலத்தின் வெற்றி ரகசியம்.

எண்ணிக்கையின் காலம்

1990 வாக்கில் ஐபிஎம் ஆய்வாளர்கள் திசையை மாற்றினர். இலக்கண விதிகளை எழுதாமல், கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சுப் பதிவுகளை அருகருகே வைத்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் எத்தனை முறை இணையாக வருகிறது என்று கணினியை எண்ண வைத்தனர். இதுவே புள்ளியியல் மொழிபெயர்ப்பு. சீனத்துக்கு இதே வகையில் ஹாங்காங் சட்டமன்றப் பதிவுகளும் ஐ.நா. ஆவணங்களும் கைகொடுத்தன. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஆதரவில் நடந்த மதிப்பீட்டுப் போட்டிகளில் அரபு–ஆங்கிலமும் சீனம்–ஆங்கிலமும் முதன்மை இணைகளாயின.

சொற்றொடர்களைத் துண்டு துண்டாக மாற்றி ஒட்டிய அந்த அமைப்புகள், சீனத்தின் நீண்ட அடைமொழிகளில் திணறின. 2005-இல் டேவிட் சியாங் முன்வைத்த முறை, இடையில் வெற்றிடம் விட்ட வடிவங்களைத் தரவிலிருந்தே கற்றது. 'இன்னது–த–பெயர்' என்று சீனத்தில் கண்டால் 'பெயர்–இன்னது' என்று ஆங்கிலத்தில் புரட்டிப் போட அதற்குத் தெரியும். வரிசைச் சிக்கல் ஓரளவு தணிந்தது.

தரத்தை அளக்கும் 'புளூ' என்ற அளவுகோலும் 2002-இல் ஐபிஎம்மிலிருந்து வந்ததே. இயந்திர வரைவில் உள்ள சொல்தொடர்களில் எத்தனை, மனிதர் செய்த மொழிபெயர்ப்பிலும் உள்ளன என்று எண்ணி அது மதிப்பெண் தரும். மலிவானது, வேகமானது. ஆனால் 'கூடாது' என்ற பொருள்தரும் ஒரே சொல் விடுபட்டு வாக்கியம் தலைகீழானாலும், மதிப்பெண் சிறிதளவே குறையும்.

சரளத்தின் காலம்

2016 செப்டம்பரில் கூகுள் தன் நரம்பியல் வலையமைப்பு மொழிபெயர்ப்பைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, முதலில் தேர்ந்த இணை சீனத்திலிருந்து ஆங்கிலம். அந்த இணைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 கோடி மொழிபெயர்ப்புகள் நடப்பதாக நிறுவனம் தெரிவித்தது. இவ்வகை அமைப்பு வாக்கியத்தைத் துண்டாடுவதில்லை. முழு வாக்கியத்தையும் எண்களின் தொகுதியாக உள்வாங்கி, அடுத்து வரக்கூடிய சொல்லை ஒவ்வொன்றாகக் கணிக்கிறது. அப்படிக் கணிக்கும்போது மூலத்தின் எந்தப் பகுதியில் கவனம் வைக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. 2017-இல் வெளிவந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' வடிவமைப்பு இந்தக் கவன நுட்பத்தையே அடித்தளமாக்கியது. இன்றைய பெருமொழி மாதிரிகளும் அதன் வழி வந்தவை.

2018 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள், சீனச் செய்திகளை ஆங்கிலமாக்குவதில் தங்கள் அமைப்பு மனிதருக்கு நிகரான தரத்தை எட்டியதாக அறிவித்தனர். மற்ற ஆய்வாளர்கள் சோதனையைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு செய்திகள் தெரியவந்தன. முதலாவது, சோதனைக்கு வைத்த 'சீன' வாக்கியங்களில் பாதியளவு, ஆங்கிலத்தில் பிறந்து சீனமாக்கப்பட்டவை. மொழிபெயர்ப்பு வழிவந்த சீனம் இயல்பான சீனத்தைவிட எளிமையானது. அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவதும் எளிது. இரண்டாவது, மதிப்பிட்டவர்களுக்கு வாக்கியங்கள் தனித்தனியாகக் காட்டப்பட்டன. ஜூரிக், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம் முழுக் கட்டுரையாகக் காட்டியபோது, மனித மொழிபெயர்ப்பின் பக்கமே தராசு தெளிவாகச் சாய்ந்தது. ஒரு பெயரை முதல் பத்தியில் ஒரு விதமாகவும் மூன்றாம் பத்தியில் வேறு விதமாகவும் எழுதும் பிழை, தனி வாக்கியத்தில் கண்ணுக்குப் படாது.

சீன அறிஞர் யென் ஃபூ, தாமஸ் ஹக்ஸ்லியின் பரிணாம நூலைச் சீனத்தில் 1898-இல் வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் மொழிபெயர்ப்பின் மூன்று கடினங்களைக் குறித்தார்: சின், தா, யா. மூலத்துக்கு உண்மையாயிருத்தல், தெளிவு, நயம் என்று அவற்றைச் சொல்லலாம். விதிமுறைக் கால இயந்திரம் முதலாவதில் தடுமாறியது, இரண்டாவதை எட்டவே இல்லை. நரம்பியல் இயந்திரம் இரண்டாவதை எளிதாகத் தொட்டது, மூன்றாவதன் சாயலையும் பெற்றது. முதலாவது மட்டும் உறுதியில்லை. பின்திருத்தத்தின் தன்மையை மாற்றியது இந்தத் தலைகீழ் வரிசையே.

திருத்துபவரின் வேலை

பின்திருத்தத்துக்கென 2017-இல் சர்வதேசத் தர அமைப்பு 18587 என்ற எண்ணில் ஒரு தர ஆவணம் வெளியிட்டது. நடைமுறையில் இரண்டு நிலைகள் உண்டு. பொருள் சரியாக விளங்கினால் போதும், நடை எப்படியிருந்தாலும் சரி என்பது இலேசான திருத்தம். நிறுவனத்துக்குள் படித்துவிட்டு ஒதுக்கும் உரைகளுக்கு அது போதும். மனிதர் செய்த மொழிபெயர்ப்புக்கு இணையாக வர வேண்டும் என்பது முழுத் திருத்தம். அச்சுக்கும் கையெழுத்துக்கும் போகும் உரைகளுக்கு அதுவே விதி.

பழைய வரைவுகளில் பிழை முகத்திலேயே எழுதியிருக்கும். ஆங்கிலம் முறிந்து கிடக்கும். அங்கேதான் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இன்றைய வரைவில் பிழையும் நல்ல ஆங்கிலம் பேசுகிறது. ஒரு நிறுவன அறிக்கையில் '1.2 யீ யுவான் இழப்பு' என்று இருப்பதாகக் கொள்வோம். சீன எண்முறையில் வான் என்பது பத்தாயிரம், யீ என்பது பத்துக் கோடி. ஆகவே இழப்பு 12 கோடி யுவான், ஆங்கிலக் கணக்கில் 120 மில்லியன். லட்சத்தையும் கோடியையும் மில்லியனாக்கும்போது நம்மிடையே நேரும் தடுமாற்றமே இங்கும் நேரும்: வரைவில் 12 மில்லியன் என்று வந்துவிட்டால் வாக்கியத்தில் எந்த நெருடலும் இராது. மூலத்தைத் திறந்து பார்த்தவருக்கு மட்டுமே பத்து மடங்கு காணாமல்போனது தெரியும்.

பெயர்கள் இன்னொரு கண்ணி. ஒரே சீனக் குடும்பப்பெயர் பெய்ஜிங்கில் சென், ஹாங்காங்கில் சான், சிங்கப்பூரில் பெரும்பாலும் டான். எழுத்து ஒன்றுதான், ஆனால் அந்த மனிதர் தம் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார் என்பது எழுத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. இயந்திரம் பொதுவாகப் பெய்ஜிங் ஒலிப்பையே போடும். சிங்கப்பூர் வணிகர் ஒருவரின் ஒப்பந்தத்தில் அவர் பெயரே மாறிவிடும்.

ஒப்பந்தங்களில் தரப்பினரை ஜியா தரப்பு, யீ தரப்பு என்று குறிப்பது சீன வழக்கம். ஆங்கிலத்தில் இவை 'பார்ட்டி ஏ', 'பார்ட்டி பி'. எழுவாய் மறைந்த வாக்கியத்தில் கடமை யாருடையது என்பதை இயந்திரம் தவறாக ஊகித்தால், பணம் கொடுக்க வேண்டியவர் வாங்க வேண்டியவராகிவிடுவார். எதிர்மறைச் சொல் விடுபடுதல், நீண்ட வாக்கியத்தின் ஒரு கிளை அப்படியே மறைதல், மூலத்தில் இல்லாதது முளைத்தல் ஆகியவையும் திருத்துபவர் தேட வேண்டியவை. நான்கெழுத்து மரபுத்தொடர்களும் உண்டு. 'நெஞ்சில் முழு மூங்கில்' என்ற தொடர், வரையத் தொடங்குமுன்பே ஓவியர் மனத்தில் மூங்கில் முழுமையாக உருவாகியிருப்பதைக் குறிப்பது. தெளிந்த திட்டத்தோடு இருப்பவருக்குச் சொல்வது. புகழ்பெற்ற தொடர்களை இன்றைய இயந்திரம் சரியாகவே மாற்றும். எழுத்தாளர் அவற்றைச் சற்று வளைத்து விளையாடும்போதுதான் கோட்டை விடுகிறது.

ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குச் செல்லும் வரைவில் வேலை வேறு. இயந்திரம் ஆங்கில அமைப்பை அப்படியே சுமந்துவரும்: ஒரே வாக்கியத்தில் நான்கைந்து 'த', தேவையில்லாத செயப்பாட்டு வினை, மூச்சுமுட்டும் நீளம். அதைச் சிறு சிறு தொடர்களாக உடைத்து, தேவையற்ற எழுவாய்களை நீக்கினால்தான் சீனம் சீனமாகும்.

இத்தனைக்கும் திருத்துபவருக்கு ஓர் எளிய ஒழுங்கு உதவுகிறது: முதலில் மூலத்தைப் படிப்பது, பிறகு வரைவைப் பார்ப்பது. வரைவை முதலில் படித்தால் அதன் பொருள் மனத்தில் படிந்துவிடும். மூலமும் அதையே சொல்வதுபோல் தோன்றும். அதோடு, உரைக்குரிய சொற்பட்டியல் ஒன்றை வைத்து ஒரு கலைச்சொல்லுக்குத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே மொழிபெயர்ப்பு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். மறைவாக வைக்க வேண்டிய ஆவணத்தை இலவச இணையச் சேவையில் ஒட்டாமல் இருப்பதும் இத்தொழிலின் ஒழுங்கில் அடங்கும்.

உழைப்பின் அளவு

பின்திருத்த உழைப்பை ஜெர்மானிய ஆய்வாளர் ஹான்ஸ் கிரிங்ஸ் மூன்றாகப் பிரித்தார்: எடுத்துக்கொண்ட நேரம், விசைப்பலகையில் செய்த மாற்றங்கள், மூளை பட்ட பாடு. முதல் இரண்டையும் கணினி பதிவு செய்துவிடும். வரைவைத் திருத்திய வடிவமாக்க எத்தனை சொற்களைச் சேர்க்க, நீக்க, மாற்ற, நகர்த்த வேண்டியிருந்தது என்று எண்ணும் அளவுகோலும் உண்டு. மூன்றாவதை அளப்பது கடினம். சரளமான வரைவில் ஐந்து நிமிடம் மூலத்தோடு போராடி, கடைசியில் ஒரே ஒரு எண்ணை மாற்றியவரின் உழைப்பு, கணக்கில் ஒரு சொல்லாகத்தான் விழும். பின்திருத்தத்துக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று குறைந்த ஊதியம் தரும் வழக்கத்தின் மீது மொழிபெயர்ப்பாளர்கள் வைக்கும் குறையும் இதுதான். வரைவு மோசமாக இருந்தால், புதிதாக எழுதுவதைவிடத் திருத்துவதற்கு அதிக நேரம் பிடிக்கும்.

திருத்தப்பட்ட உரைக்கும் ஒரு முத்திரை உண்டு. அன்டோனியோ டோரல் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பின்திருத்த உரைகள் மனிதர் நேரடியாக மொழிபெயர்த்தவற்றைவிடச் சொல்வளம் குறைந்தவை, மூல மொழியின் சாயல் கூடியவை என்று காட்டியது. சீனம்–ஆங்கில உரைகளும் அந்த ஆய்வில் இருந்தன. இயந்திரம் போட்டுவைத்த தடத்தை விட்டு மனிதர் அதிகம் விலகுவதில்லை. தடம் சுமாராக இருந்தால் பயணமும் சுமாராகவே முடிகிறது. ஆகவே கையேடு, விவரப்பட்டியல், தொழில்நுட்பக் குறிப்பு போன்ற திரும்பத் திரும்ப வரும் உரைகளுக்கு இயந்திர வரைவும் திருத்தமும் நன்கு பொருந்தும். கவிதை, விளம்பரம், நாடகம் போல சொல்லே பொருளாக நிற்பவற்றுக்கு வெற்றுத்தாளில் தொடங்குவதே மேல்.

2022-இன் இறுதியில் பரவலான பெருமொழி மாதிரிகள், வாக்கியத்தைத் தாண்டிப் பத்திகளையும் ஒருங்கே பார்க்கின்றன. மறைந்த எழுவாயை முன்பத்தியிலிருந்து மீட்கவும், கொடுத்த சொற்பட்டியலைப் பின்பற்றவும் அவற்றால் முடிகிறது. விடுபடலும் இட்டுக்கட்டலும் அரிதாகியிருக்கின்றன, ஒழியவில்லை. அரிதான பிழையைக் கண்டுபிடிப்பது அடிக்கடி வரும் பிழையைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். கண் சோர்ந்த நேரத்தில் அது கடந்துபோய்விடும்.

யென் ஃபூவின் மூன்றில் தெளிவையும் நயத்தையும் இயந்திரம் பெருமளவு எடுத்துக்கொண்டது. மூலத்துக்கு உண்மையாயிருக்கும் பொறுப்பு மனிதரிடம் தங்கியிருக்கிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இயந்திர வரைவை மெருகேற்றலாம். அது மூலம் சொன்னதைத்தான் சொல்கிறதா என்று கூற, சீனம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.